மைனஸ் கணக்கு தப்பாக வருகிறதா? தவறான விடையை வைத்தே பிழையைப் பிடிக்கும் வழி

குறை எண் கணக்கில் தவறான விடை கண்டபடி வருவதில்லை. −6 − (−2) என்ற ஒரே கணக்குக்கு ஒருவர் −8 எழுதுவார், இன்னொருவர் 8 எழுதுவார், மூன்றாமவர் 4 எழுதுவார். மூன்றுமே தவறுதான். ஆனால் மூன்றும் வெவ்வேறு இடத்தில் நடந்த தவறு. மூவரிடமும் "விதியை மறுபடி படி" என்று சொன்னால் ஒருவருக்கும் பயன்படாது. தவறான விடையை அழிப்பதற்கு முன் ஒரு நிமிடம் அதை உற்றுப் பாருங்கள். எங்கே கால் இடறியது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

மிகை எண், குறை எண் என்றும், நேர் எண், மறை எண் என்றும் பாடநூலுக்குப் பாடநூல் பெயர் மாறும். இங்கே மிகை, குறை என்று எழுதுகிறோம். குறிகளைப் பேச்சில் சொல்வதுபோல ப்ளஸ், மைனஸ் என்கிறோம். குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் எண்ணுக்கு 'அளவு' என்று பெயர் வைத்துக்கொள்வோம்: −7 இன் அளவு 7, 7 இன் அளவும் 7.

முதலில் இந்த ஏழு கணக்கு

கால்குலேட்டர் இல்லாமல், வழியையும் எழுதிப் போடச் சொல்லுங்கள். நேரம் குறிக்க வேண்டாம். அவசரத்தில் வரும் தவறு வேறு, புரியாமல் வரும் தவறு வேறு.

1) −3 − 5
2) −7 + 4
3) 34 − 71
4) −6 − (−2)
5) −2 × −3 × −4
6) −3²
7) 10 − 2(3 − 5)

சரியான விடைகள்: −8, −3, −37, −4, −24, −9, 14. எந்த எண்ணில் தவறு வந்ததோ அதற்குரிய பகுதிக்கு நேரே போகலாம். முதல் கணக்கில் தவறியவர் மட்டும் மற்றதைத் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும். அங்கே இருக்கும் குழப்பம் மற்ற எல்லாவற்றுக்குள்ளும் புகுந்துவிடும்.

அறிகுறி: −3 − 5 க்கு 8 வருகிறது

மிகப் பரவலான தவறு இதுதான். காரணமும் ஒன்றே ஒன்று: "மைனஸும் மைனஸும் சேர்ந்தால் ப்ளஸ்" என்ற வாய்ப்பாட்டு வரி. அந்த வரி பெருக்கலுக்குச் சொன்னது. மாணவர் அதைக் கண்ணில் படும் இடத்திலெல்லாம் பயன்படுத்துகிறார். −3 − 5 இல் இரண்டு மைனஸ் தெரிகிறது, உடனே ப்ளஸ் என்று முடிவாகிறது, 3 உம் 5 உம் சேர்ந்து 8 ஆகிறது. இந்த வரியை எந்தக் கணக்குக்கு என்று சொல்லாமல் தனியாகக் கற்பிக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இதற்கு ஒரு சுருக்கமான சோதனை உண்டு. இரண்டு மைனஸுக்கும் நடுவில் ஓர் எண் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். −3 − 5 இல் நடுவில் 3 இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு மைனஸும் ஒன்றையொன்று தொடவில்லை, சேர்ந்து ப்ளஸ் ஆக வழியே இல்லை. 3 − (−5) இல் இரண்டு மைனஸுக்கு நடுவே அடைப்புக்குறி மட்டும்தான், எண் இல்லை. அங்கே மட்டும் அவை சேர்ந்து ப்ளஸ் ஆகும்.

சரிசெய்யும் முறை: கழித்தலைக் கூட்டலாக மாற்றி எழுதுங்கள்.

−3 − 5 = (−3) + (−5)

இப்போது கேள்வி தெளிவாகிறது. மூன்று ரூபாய்க் கடனோடு ஐந்து ரூபாய்க் கடன் சேர்ந்தால் எட்டு ரூபாய்க் கடன். குறை எண்ணைக் கடனாகவும் மிகை எண்ணைச் சொத்தாகவும் பார்ப்பது புதிய உத்தி அல்ல. 628 ஆம் ஆண்டிலேயே பிரம்மகுப்தர் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை இந்தச் சொற்களால்தான் எழுதிவைத்தார். எண்கோட்டில் பார்த்தாலும் இதுவேதான்: −3 இல் நில், இடப்பக்கம் 5 அடி நட, −8 இல் வந்து நிற்பாய்.

எழுத்தில் நினைவுவைக்க வேண்டியது: கூட்டலில் இரண்டும் ஒரே குறி என்றால் அளவுகளைக் கூட்டு, அந்தக் குறியையே போடு.

சிலர் இதே கணக்குக்கு −2 அல்லது 2 எழுதுவார்கள். அவர்களுக்கு வாய்ப்பாட்டுக் குழப்பம் இல்லை. நடுவில் மைனஸ் இருப்பதால் 5 இலிருந்து 3 ஐக் கழித்துவிட்டார்கள். எண்கோட்டில் பத்துக் கணக்கை விரலால் நடந்து காட்டச் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அறிகுறி: −7 + 4 க்கு −11 வருகிறது

மாணவர் முன்னால் இருக்கும் மைனஸைக் கையால் மூடிவிட்டு 7 + 4 = 11 போட்டிருக்கிறார்; பிறகு மூடியதைத் திறந்து மைனஸை ஒட்டியிருக்கிறார். அதாவது −(7 + 4) என்ற வேறொரு கணக்கைச் செய்திருக்கிறார். மைனஸ் 7 க்கு மட்டும் சொந்தம், 4 க்கு அதில் பங்கில்லை.

இங்கே விதியைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "−7 இல் நிற்கிறாய். 4 ஐக் கூட்டினால் எந்தப் பக்கம் போவாய்?" வலப்பக்கம். அப்படியானால் விடை −7 ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும். −11 அதைவிடச் சிறியது, ஆகவே அது விடையாக இருக்கவே முடியாது. இந்த ஒரு கேள்வியைப் பழக்கிவிட்டால், கணக்கு போடுவதற்கு முன்பே தவறான விடை கழிந்துபோகும்.

விதி: இரண்டும் வெவ்வேறு குறி என்றால் பெரிய அளவிலிருந்து சிறிய அளவைக் கழி, பெரிய அளவுக்கு எந்தக் குறியோ அதையே விடைக்குப் போடு. 7 − 4 = 3. பெரிய அளவான 7 க்கு மைனஸ், ஆகவே −3. இதில் 3 என்று மட்டும் எழுதிக் குறியை விடுபவர்கள் விதியைப் பாதிதான் செய்கிறார்கள். அவர்கள் குறியை முதலில் எழுதிவிட்டு, பிறகு அளவைக் கணக்கிடட்டும்.

அறிகுறி: 34 − 71 க்கு 63, 43 அல்லது 37 வருகிறது

இந்த மூன்று எண்ணும் மூன்று கதை சொல்கின்றன.

63 வந்தால்: 34 ஐ மேலே, 71 ஐக் கீழே எழுதிக் கழித்திருக்கிறார். ஒன்றின் இடத்தில் 4 − 1 = 3. பத்தின் இடத்தில் 3 இலிருந்து 7 போகாது என்று இல்லாத நூறிலிருந்து கடன் வாங்கி 13 − 7 = 6 என்று போட்டிருக்கிறார். கையில் இல்லாத 100 ஐச் சேர்த்துக்கொண்டதால்தான் விடை சரியாக 100 கூடியிருக்கிறது: −37 + 100 = 63. இதை மாணவரிடமே காட்டுங்கள், தவறு எங்கே என்று அவரே பார்த்துவிடுவார்.

43 வந்தால்: ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகப் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார் (4 − 1 = 3, 7 − 3 = 4). இது குறை எண் பிரச்சினையே அல்ல. கடன் வாங்கிக் கழித்தலில் இருக்கும் பழைய ஓட்டை. முதலில் 71 − 34 போன்ற சாதாரணக் கழித்தலுக்குத் திரும்பிப் போங்கள்.

37 வந்தால்: கணக்கு சரி, குறி மட்டும் விடுபட்டது. "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது" என்று சிறு வகுப்புகளில் சொல்லிக் கொடுத்ததன் மிச்சம் இது. அப்போது கையில் குறை எண்கள் இல்லாததால் அப்படிச் சொன்னார்கள். இப்போது முடியும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

மூவருக்கும் ஒரே பாதை: திருப்பிக் கழி, மைனஸ் போடு. 34 − 71 = −(71 − 34) = −37.

அறிகுறி: −6 − (−2) தப்பாக வருகிறது

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். குறை எண்ணைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்பது விளங்காமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இரண்டு வாரத்தில் மறந்துவிடுவார்கள்.

விடைகளை முதலில் படிப்போம். −8 வந்தால் அடைப்புக்குறிக்குள் இருந்த மைனஸை அவர் பார்க்கவே இல்லை, −6 − 2 என்று போட்டிருக்கிறார். அல்லது கழித்தலைக் கூட்டலாக மாற்றியவர் −2 ஐ 2 ஆக்க மறந்திருக்கிறார். 8 வந்தால் ஆர்வத்தில் முதல் எண்ணின் குறியையும் மாற்றிவிட்டார்: 6 + 2. 4 வந்தால் வழி சரியாக இருந்து கடைசியில் குறி விழுந்திருக்கலாம்.

ஏன் கூடுகிறது? ஒரு வரிசையைப் பாருங்கள்:

6 − 2 = 4
6 − 1 = 5
6 − 0 = 6
6 − (−1) = 7
6 − (−2) = 8

கழிக்கும் எண் ஒவ்வொன்றாகக் குறையக் குறைய விடை ஒவ்வொன்றாகக் கூடுகிறது. சுழியத்தைத் தாண்டியதும் அந்த ஒழுங்கு மாறுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

வரிசை போதாதவர்களுக்குப் பொத்தான் அல்லது வில்லை. இரண்டு நிறத்தில் பத்துப் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஒன்று +1, சிவப்பு ஒன்று −1. ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் சேர்ந்தால் சுழியம். −6 − (−2) க்கு ஆறு சிவப்பை வையுங்கள், அதிலிருந்து இரண்டு சிவப்பை எடுங்கள். நான்கு சிவப்பு மிச்சம்: −4. இது எளிது. 6 − (−2) தான் சுவையானது. ஆறு வெள்ளை இருக்கிறது, இரண்டு சிவப்பை எடுக்க வேண்டும், ஆனால் சிவப்பே இல்லை. என்ன செய்வது? வெள்ளை-சிவப்பு இணைகள் இரண்டைக் கொண்டுவந்து வையுங்கள். இணை ஒவ்வொன்றும் சுழியம் என்பதால் மதிப்பு மாறவில்லை. இப்போது எட்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. சிவப்பு இரண்டையும் எடுத்துவிட்டால் எட்டு வெள்ளை. கழிப்பதற்காக உள்ளே கொண்டுவந்த இணைகளிலிருந்து இரண்டு வெள்ளை தங்கிவிட்டதே கூட்டலாகத் தெரிகிறது. மாணவர் இதைத் தன் கையால் ஒருமுறையாவது செய்ய வேண்டும், பார்ப்பது மட்டும் போதாது.

பிறகு எழுத்து முறை, மூன்று படி:

முதல் எண்ணைத் தொடாதே: −6
நடுவில் உள்ள கழித்தலைக் கூட்டலாக்கு: −6 +
இரண்டாம் எண்ணின் குறியை மாற்று: −6 + 2 = −4

இரண்டாம் படியும் மூன்றாம் படியும் ஒன்றாக நடக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் வேறு கணக்காகிவிடும். சரிபார்க்க, விடையோடு கழித்த எண்ணைக் கூட்டுங்கள்: −4 + (−2) = −6. தொடங்கிய எண் திரும்பக் கிடைத்தால் சரி.

அறிகுறி: பெருக்கலிலும் வகுத்தலிலும் குறி மாறுகிறது

அளவைப் பெருக்குவதில் சிக்கல் இருக்காது, குறியில்தான் இருக்கும். −2 × −3 × −4 க்கு 24 எழுதியவர் "மைனஸ்கள் சேர்ந்தால் ப்ளஸ்" என்று எண்ணிக்கையைப் பார்க்காமல் முடித்துவிட்டார். மைனஸ்கள் இரண்டிரண்டாகத்தான் மறையும். மூன்றில் இரண்டு மறைந்தால் ஒன்று மிஞ்சும், ஆகவே −24. குறை எண்களை எண்ணுங்கள்: இரட்டைப்படையாக இருந்தால் மிகை, ஒற்றைப்படையாக இருந்தால் குறை. நடுவில் எங்காவது 0 இருந்தால் எண்ணவே வேண்டாம், விடை 0.

இந்த எண்ணும் முறை வெறும் பெருக்கல், வகுத்தலுக்கு மட்டும். 2 × −3 + −4 இல் இரண்டு மைனஸ் இருக்கிறது என்று ப்ளஸ் போட்டால் தவறு; பெருக்கல் −6 இல் முடிந்துவிட்டது, பிறகு −6 + (−4) = −10.

குறையும் குறையும் பெருக்கினால் மிகை ஏன் என்று கேட்கும் மாணவருக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். 3 + (−3) = 0. எதை 0 ஆல் பெருக்கினாலும் 0. ஆகவே −4 × (3 + (−3)) = 0. அடைப்பை விரித்தால் (−4 × 3) + (−4 × −3) = 0, அதாவது −12 + (ஏதோ ஒன்று) = 0. அந்த ஏதோ ஒன்று 12 ஆகத்தான் இருக்க முடியும். கூட்டலும் பெருக்கலும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

வகுத்தலுக்கும் இதே குறி விதி. −12 ÷ −3 = 4, −12 ÷ 3 = −4. 0 ÷ −5 = 0. −5 ÷ 0 க்கு விடை கிடையாது.

அறிகுறி: −3² க்கு 9 வருகிறது

அடுக்கு தன்னை ஒட்டியிருக்கும் எண்ணை மட்டும் பிடிக்கும். −3² இல் 2 என்ற அடுக்கு 3 ஐத்தான் பிடிக்கிறது; மைனஸ் வெளியே நிற்கிறது. முதலில் 3² = 9, பிறகு மைனஸ்: −9. மைனஸையும் சேர்த்து வர்க்கம் எடுக்க வேண்டும் என்றால் அடைப்புக்குறி வேண்டும்: (−3)² = 9. ஐயமிருந்தால் முன்னால் ஓர் எண்ணை வைத்துப் பாருங்கள். 5 − 3² என்பது 5 − 9 = −4 என்று எல்லோரும் சரியாகப் போடுவார்கள். அந்த 5 ஐ 0 ஆக்கினால் அதுவே −3².

இந்தத் தவறை ஒற்றைப்படை அடுக்கில் சோதிக்காதீர்கள். −2³ உம் (−2)³ உம் −8 தான். தவறாகப் புரிந்தவரும் சரியான விடையோடு தப்பிவிடுவார்.

கணினியில் சரிபார்க்கும்போது ஒரு கண்ணி உண்டு. எக்செலில் =-3^2 என்று அடித்தால் 9 காட்டும்; அது முன்னால் நிற்கும் மைனஸை அடுக்குக்கு முன்பே சேர்த்துக்கொள்கிறது. பைத்தான் என்ற நிரல்மொழியில் -3**2 என்று அடித்தால் −9 (அங்கே ** தான் அடுக்குக் குறி). பள்ளிக் கணக்கின் வழக்கம் பைத்தானோடு ஒத்துப்போகிறது. எதில் அடித்தாலும் அடைப்புக்குறி போட்டு எழுதினால் ஐயமே வராது.

எண்ணைப் பதிலிடும் கணக்கில் இந்தத் தவறு முழு வேகத்தில் வெளிவரும். தெரியாத எண்ணை ய என்று வைப்போம். ய = −3 எனில் ய² − 2ய − 1 என்ன?

சரியான வழி: ய இருக்கும் இடத்தில் எல்லாம் முதலில் வெறும் அடைப்புக்குறியை எழுதுங்கள்: ( )² − 2( ) − 1. பிறகு உள்ளே −3 ஐ வையுங்கள்: (−3)² − 2(−3) − 1 = 9 + 6 − 1 = 14.

−4 வந்தால் வர்க்கத்தில் தவறு (−9 + 6 − 1). 2 வந்தால் −2 × −3 இல் தவறு (9 − 6 − 1). −16 வந்தால் இரண்டிலும். மூன்றுக்கும் காரணம் அடைப்புக்குறி போடாததே.

இதோடு ஒட்டிய இன்னொன்று: −ய என்று எழுதியிருந்தால் அது குறை எண் என்று பலர் நம்புகிறார்கள். −ய என்பது ய இன் எதிர் எண். ய = −4 என்றால் −ய = 4. மைனஸ் குறிக்கு மூன்று வேலை உண்டு: 7 − 4 இல் கழி என்கிறது, −4 இல் எண்ணின் பக்கத்தைச் சொல்கிறது, −ய இல் எதிர்ப்பக்கத்துக்குத் திருப்பு என்கிறது. எந்த இடத்தில் எந்த வேலை என்று மாணவரைச் சொல்லவைப்பது நல்ல பயிற்சி.

அறிகுறி: 10 − 2(3 − 5) க்கு −16, 6 அல்லது −6

−16 என்றால் வரிசை தவறு. 10 − 2 = 8 ஐ முதலில் போட்டு, அதை −2 ஆல் பெருக்கியிருக்கிறார். அடைப்பை ஒட்டியிருக்கும் 2 அடைப்போடு பெருக்கலில் கட்டுண்டிருக்கிறது. 10 அதைப் பிரித்தெடுக்க முடியாது.

6 என்றால் அடைப்பு சரி, 2 × −2 = −4 சரி; கடைசி வரியில் 10 − (−4) என்று எழுத வேண்டியதை 10 − 4 என்று எழுதிவிட்டார். இரண்டு மைனஸ் அடுத்தடுத்து வந்தால் ஒன்றை விழுங்கிவிடும் பழக்கம் இது. குறை எண் நடுவில் வந்தால் அடைப்புக்குறி கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

−6 என்றால் அடைப்பை விரிக்கும்போது மைனஸ் முதல் உறுப்போடு நின்றுவிட்டது: 10 − 6 − 10. சரியானது 10 − 6 + 10 = 14. −2 என்பது உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் பெருக்க வேண்டும்: −2 × 3 = −6, −2 × −5 = 10.

எண்கள் மட்டும் இருந்தால் விரிக்காமல் உள்ளே கணக்கிட்டுத் தப்பலாம். எழுத்து வந்தால் தப்ப முடியாது. 7 − (ய − 4) ஐ 7 − ய − 4 என்று எழுதுவதை மேல் வகுப்புகளிலும் பார்க்கலாம். அடைப்புக்கு முன்னால் மைனஸ் மட்டும் இருந்தால் அது −1 ஆல் பெருக்கு என்று பொருள்: 7 − ய + 4 = 11 − ய. ய = 4 என்று வைத்துச் சரிபாருங்கள்: முதல் வடிவம் 7 − 0 = 7, நம் விடை 11 − 4 = 7. தவறான விடையோ −1.

பின்னக் கோடும் அடைப்புக்குறிதான், கண்ணுக்குத் தெரியாதது. 5 − (ய − 3)/2 = 4 என்பதை இரண்டால் பெருக்கினால் 10 − (ய − 3) = 8. அடைப்பை இங்கே எழுதாதவருக்கு 10 − ய − 3 = 8 என்றாகி ய = −1 வரும். சரியாக விரித்தால் 10 − ய + 3 = 8, ய = 5. திரும்ப வைத்துப் பார்த்தால் 5 − 2/2 = 4, பொருந்துகிறது; −1 ஐ வைத்தால் 7 வரும்.

அறிகுறி: நீளமான கணக்கில் ஒவ்வொரு தடவையும் வேறு விடை

8 − 3 + 5 க்கு 0 வந்தால், மாணவர் கூட்டலை முதலில் செய்திருக்கிறார்: 8 − 8. எதை முதலில் செய்வது என்று நினைவுவைக்கச் சொல்லித்தரும் போட்மாஸ் (BODMAS) என்ற சுருக்கத்தில் கூட்டலுக்குரிய எழுத்து கழித்தலுக்கு முன்னால் வருவதால் வந்த வினை. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் சம உரிமை. இடமிருந்து வலம் போக வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் அவ்வாறே.

இதைவிட நம்பகமான முறை வெட்டுக்கோடு. தொட்டுக்கொண்டிருக்கும் இரட்டைக் குறிகளை முதலில் ஒற்றையாக்குங்கள். பிறகு ஒவ்வொரு ப்ளஸ், மைனஸுக்கும் முன்னால் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். குறி எப்போதும் தனக்கு வலப்பக்கம் உள்ள எண்ணோடு போகும்.

−6 + 9 − 4 − (−7) + 2 − 12
−6 | +9 | −4 | +7 | +2 | −12

இப்போது துண்டுகளை எப்படி வேண்டுமானாலும் இடம் மாற்றலாம். மிகைத் துண்டுகள்: 9 + 7 + 2 = 18. குறைத் துண்டுகள்: 6 + 4 + 12 = 22. 18 − 22 = −4. நடுவில் குறி மாற ஒரே ஒரு வாய்ப்புதான், அதுவும் கடைசி வரியில்.

அறிகுறி: −8 பெரியது, −3 சிறியது என்கிறார்

அளவைப் பார்த்து ஒப்பிடுகிறார். எண்கோட்டில் வலப்பக்கம் இருப்பதே பெரியது, ஆகவே −3 > −8. எட்டு ரூபாய்க் கடன்காரரைவிட மூன்று ரூபாய்க் கடன்காரர் நல்ல நிலையில் இருக்கிறார்.

இதே குழப்பம் பின்னத்திலும் தசமத்திலும் ஒளிந்திருக்கும். −2½ ஐ எண்கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். −2 க்கும் −1 க்கும் நடுவே குறித்தால், அவர் அதை −2 + ½ என்று படிக்கிறார். அது −2 − ½. −3 க்கும் −2 க்கும் நடுவே இருக்கும். தகாப் பின்னமாக்கினால் −5/2, −3/2 அல்ல. −2.7 ஐ அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் −3.

சமனிலியை (பெரிது, சிறிது குறியுள்ள கணக்கை) குறை எண்ணால் வகுத்தால் குறி திரும்பும்: −2ய < 6 எனில் ய > −3. நம்பாதவர் ய = −5 ஐ வைத்துப் பார்க்கட்டும்; 10 < 6 பொய்.

அறிகுறி: எண்ணாகக் கொடுத்தால் சரி, சொற்களில் கொடுத்தால் தவறு

பாதரசம் ஏறத்தாழ −39 பாகை செல்சியஸில் உருகும், 357 பாகையில் கொதிக்கும். எத்தனை பாகை இடைவெளியில் அது திரவமாக இருக்கும்? 318 என்று வந்தால் "இடைவெளி என்றால் கழி" என்று 357 − 39 போட்டிருக்கிறார். −39 இன் மைனஸைக் கழித்தல் குறியாகவே பயன்படுத்திவிட்டார். இரண்டு மைனஸ் தேவை, ஒன்று கழிப்பதற்கு, இன்னொன்று எண்ணுக்கு: 357 − (−39) = 396.

மாற்றத்தைக் கேட்டால் எப்போதும் இறுதி − தொடக்கம். வெப்பநிலை −4 இலிருந்து −11 க்குப் போனால்: −11 − (−4) = −7, ஏழு பாகை குறைந்தது. வரிசையை மாற்றினால் 7 வந்து, கூடியதாகப் பொருள்படும். கணக்கை எழுதுவதற்கு முன் ஒரு செங்குத்துக் கோடு வரைந்து நடுவில் 0 குறித்து இரண்டு புள்ளிகளையும் வைத்தால், விடையின் குறியும் தோராய அளவும் முன்பே தெரிந்துவிடும்.

கி.மு., கி.பி. ஆண்டுகளில் மட்டும் எச்சரிக்கை. அந்தக் கோட்டில் 0 ஆம் ஆண்டு கிடையாது, கி.மு. 1 க்கு அடுத்தது கி.பி. 1. அகஸ்டஸ் கி.மு. 27 இலிருந்து கி.பி. 14 வரை ரோமப் பேரரசராக இருந்தார். 14 − (−27) = 41, ஆனால் இல்லாத ஆண்டு ஒன்றைக் கழித்தால்தான் சரியாக 40 வரும்.

அறிகுறி: வழி சரி, விடையில் மட்டும் குறி இல்லை

இது பெரும்பாலும் கையெழுத்துப் பிரச்சினை. மைனஸ் பின்னக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும், சமக்குறியோடு கலந்துவிடும், அடுத்த வரிக்கு எழுதும்போது விழுந்துவிடும். ஒரு வரியில் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். சமக்குறிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மைனஸை எண்ணின் நடு உயரத்தில், ஓர் எழுத்தின் அகலத்துக்கு நீட்டிப் போடுங்கள். ஒவ்வொரு புதிய வரியிலும் குறிகளை மட்டும் முதலில் எழுதிவிட்டு எண்களை நிரப்புவது, அடிக்கடி குறி தவறுபவர்களுக்கு நன்றாக உதவும்.

கால்குலேட்டரில் பிழைச் செய்தி வந்தால் எந்தப் பொத்தான் என்று பாருங்கள். சிலவற்றில் கழித்தலுக்கு ஒரு பொத்தான், எண்ணின் குறிக்கு அடைப்புக்குள் மைனஸ் போட்ட வேறொரு பொத்தான். இரண்டும் உள்ள கருவியில் ஒன்றுக்குப் பதில் மற்றதை அழுத்தக் கூடாது.

மறுசோதனை

சரிசெய்த பிறகு உடனே சோதிக்காமல் இரண்டு நாள் விட்டுக் கொடுங்கள். ஒரே வகையை வரிசையாகக் கொடுத்தால் மாணவர் முந்தைய கணக்கைப் பார்த்தே போட்டுவிடுவார், ஆகவே கலந்துதான் கொடுக்க வேண்டும்.

−9 − 6. சரி: −15. 15 வந்தால் வாய்ப்பாட்டு வரி இன்னும் போகவில்லை.
−12 + 5. சரி: −7. −17 வந்தால் மைனஸை மூடிவைத்துப் போடுகிறார்.
−5 − (−8). சரி: 3. −13 வந்தால் உள்ளே உள்ள மைனஸைப் பார்க்கவில்லை. 13 வந்தால் முதல் எண்ணைத் தொட்டுவிட்டார்.
25 − 81. சரி: −56. 44 வந்தால் இல்லாத நூறு; 64 வந்தால் இடத்துக்கு இடம் திருப்பிக் கழிக்கிறார்.
−2 × −5 × −1. சரி: −10. 10 வந்தால் மைனஸ்களை எண்ணவில்லை.
−4² + 1. சரி: −15. 17 வந்தால் அடுக்கு மைனஸையும் பிடிக்கிறது என்று நினைக்கிறார்.
6 − 3(2 − 7). சரி: 21. −15 வந்தால் வரிசை, −9 வந்தால் விழுங்கிய மைனஸ், −21 வந்தால் விரிக்கும்போது இரண்டாம் உறுப்பின் குறி.